பேனாக்கத்தியும் கராரிக் கத்தியும்

பேனாக்கத்தி என்ற சொல்லில் ஒரு மறைந்துபோன தொழில் ஒளிந்திருக்கிறது. இறகைச் சீவி எழுதுகோலாக்கப் பயன்பட்ட கத்தி அது. இறகு போய் நூறாண்டுகளுக்கு மேலாகியும் பெயர் போகவில்லை. பாரசீகம் வழியாக உருதுவுக்கு வந்த ‘கலம்தராஷ்’ என்பதும் அதே பொருள்தான்: நாணல் எழுதுகோலைச் சீவுவது. இரு வேறு மரபுகளில் மடக்குக் கத்தி எழுத்தறிந்தவரின் மேசைக் கருவியாகவே பெயர் பெற்றிருக்கிறது. இன்றோ அது பையில் இருந்தாலே ஆய்வு மாணவர் ஐயத்துக்குரியவராகிறார்.

விலை மலிந்த கத்தியே ஆய்வாளருக்கு உரியது. அரிய எஃகுகளின் பெயர்களை மந்திரம்போல் உச்சரிக்கும் சேகரிப்பாளர்கள் இதை ஒப்பமாட்டார்கள். ஆனால் நூல் பொதியைப் பிரிக்கவும், பென்சில் சீவவும், விடுதி அறையில் கொய்யா நறுக்கவும், களப்பணியில் தாவர மாதிரிக்கு ஒரு கிளையை வெட்டவும் இரண்டரை அங்குல அலகு போதும். மலிவான எஃகு மென்மையானது, விரைவில் மழுங்கும். அந்த மென்மையாலேயே, பீங்கான் கோப்பையின் அடிவிளிம்பில், மெருகு பூசாத வளையத்தில், பத்து முறை இழுத்தால் மீண்டும் கூர்மை பெறும். துருவேறாத வகையல்லாத கரி எஃகாயின் எலுமிச்சை நறுக்கியதும் துடைக்க வேண்டும், அவ்வளவே. பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890-இல் தோன்றிய ஒபினல், உழவர்க்கான இந்த எளிமைக்கு நல்ல சான்று. கடல் கடந்து இங்கு வரும்போது அந்த எளிமை விலையில் தெரிவதில்லை என்பது வேறு கதை. எல்லாவற்றுக்கும் மேலாக, மலிவான கத்தியை இரவல் கொடுக்கலாம். கைப்பையில் மறந்துவிட்டு விமான நிலையச் சோதனையில் பறிகொடுத்தாலும் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசோடு துயரம் முடிந்துவிடும்.

இந்தியாவில் மடக்குக் கத்தி என்றதும் நினைவுக்கு வருவது உத்தரப் பிரதேசத்து ராம்பூர். அங்கு உருவான கத்தியைக் ‘கராரிதார்’ என்பர். கராரி என்பது பல்சக்கரம். திறக்கும்போது பல் பல்லாக எழும் அந்த ஓசையை இந்தித் திரைப்பட வில்லன்கள் நாடெங்கும் பரப்பினார்கள். தொழிலுக்கு அந்தப் புகழே வினையாயிற்று. நாலரை அங்குலத்துக்கு மேற்பட்ட அலகுக்கு மாநில அரசு தடை விதித்தது; பட்டறைகள் அருகின. பிறகு 2023-இல் அதே ஊரின் நாற்சந்தியில் 20 அடி உயரக் கத்தியொன்று நினைவுச்சின்னமாக நிறுவப்பட்டது. கைவினைஞரை வாட விட்டு கத்திக்குச் சிலை வைத்ததைப் பெருமையென்று கொள்வது கடினம்.

சட்டத்தின் அளவுகோல் இதைவிட விந்தையானது. நாடு முழுமைக்கும் பொருந்தும் ஆயுத விதிகள் 9 அங்குல நீளம் அல்லது 2 அங்குல அகலத்தைத் தாண்டும் அலகையே கணக்கில் கொள்கின்றன; வீடு, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கானவை அவற்றிலும் விலக்கு. தில்லியிலோ 1980-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, கராரி, பட்டன் முதலிய பொறியமைப்பால் திறக்கும் கத்திக்கு 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமுமே எல்லை. நகத்தால் இழுத்துத் திறக்கும் சாதாரணப் பேனாக்கத்தி அந்த வரையறைக்குள் வராது. ஆனால் தெருவில் ஒருவரை நிறுத்திச் சோதிக்கும் கைக்கு அளவுகோலும் பொறியியல் நுணுக்கமும் எப்போதும் துணையிருப்பதில்லை. பல்கலைக்கழக அடையாள அட்டை காட்டுபவர் இரண்டு கேள்விகளோடு தப்பிவிடுவார். அட்டையில்லாத பழவண்டி உதவியாளரோ, கட்டடத் தொழிலாளியோ அதே கத்தியோடு நீதிமன்ற வளாகத்தில் தவணைக்குத் தவணை காத்திருக்க நேரலாம். வழக்கு தள்ளுபடியானாலும் இழந்த நாட்கூலியை யாரும் திருப்பித் தருவதில்லை. கத்தியின் உரிமையைப் பற்றி வாதிடும் ஆர்வலர்கள் எஃகின் தரத்தைப் பேசும் நேரத்தில் பாதியையாவது இதற்குச் செலவிடலாம்.