மறுபடியும் அதே காலை

2021 நவம்பரில் ஒரு வார இடைவெளியில் தமிழில் இரண்டு காலச்சுழல் படங்கள் வெளியாயின. 19ஆம் தேதி மனோ கார்த்திகேயன் இயக்கிய ‘ஜாங்கோ’. 25ஆம் தேதி வெங்கட் பிரபுவின் ‘மாநாடு’. ஒரே நாளில் சிக்கிக்கொண்டு அதையே திரும்பத் திரும்ப வாழும் மனிதன்தான் இரண்டுக்கும் கரு. முதலாவது வந்த சுவடு தெரியாமல் போனது. இரண்டாவது, சிலம்பரசனின் சரிந்திருந்த சந்தையைத் தூக்கி நிறுத்தியது, எஸ்.ஜே. சூர்யாவைத் தயாரிப்பாளர்கள் தேடும் வில்லனாக்கியது. ‘ரிப்பீட்டு’ என்ற சொல்லை வீட்டுச் சண்டைவரை கொண்டுபோய்ச் சேர்த்தது. படத்தைப் பற்றி அன்று பேசப்பட்டவை இன்றும் அசைபோடத் தக்கவை. தமிழ் ரசிகர் எதை ஏற்கிறார், எதில் பிடிவாதமாகக் கேள்வி கேட்கிறார் என்பது அவற்றில் இருக்கிறது.

திரையுலகில் ஒரு பழைய கணக்கு உண்டு. மூளைக்கு வேலை கொடுக்கும் படம் சென்னை, கோவை மல்டிபிளெக்ஸோடு சரி, ‘பி, சி சென்டர்’ தாங்காது என்பார்கள். பழநியும் ஒட்டன்சத்திரமும் வத்தலக்குண்டும் அந்தக் கணக்கில்தான் வரும். கொடைக்கானல் மலையின் காலடியில் இருக்கும் இந்த ஊர்க்காரர்களுக்காகத்தான் சண்டையும் பாட்டும் ஒரு கரண்டி கூடுதலாக வைக்கிறோம் என்று பல இயக்குநர்கள் சத்தியம் செய்வார்கள். ‘மாநாடு’ அந்தக் கணக்கைப் பொய்யாக்கியது. படம் பிடிக்கவில்லை என்றவர்கள் உண்டு. புரியவில்லை என்றவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை.

இதில் வியக்க என்ன இருக்கிறது? விடிய விடிய ‘வள்ளி திருமணம்’ நாடகம் பார்த்த தலைமுறை இந்தப் பக்கத்துத் தலைமுறை. யானை வரும், வள்ளி பயப்படுவாள், கிழவனிடம் ஓடுவாள் என்று தெரிந்தேதான் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். இந்த ஆண்டு வந்த நாரதர் போன ஆண்டு நாரதரைவிட எங்கே புதிதாக மடக்கினார் என்பதுதான் மறுநாள் பேச்சு. அவர்களின் பேரன்களோ செல்போன் விளையாட்டில் ஒரே கட்டத்தில் செத்துச் செத்து, எதிரி எந்த மூலையிலிருந்து சுடுவான் என்று மனப்பாடம் செய்தவர்கள். டாம் குரூஸ் நடித்த ‘எட்ஜ் ஆஃப் டுமாரோ’வுக்கு (2014) மூலமான நாவலை எழுதிய ஜப்பானியர் ஹிரோஷி சகுராசகாவுக்கும் கரு கிடைத்தது வீடியோ கேம் ஆடிய அனுபவத்திலிருந்துதான். ஆகவே தாத்தாவுக்கும் பேரனுக்கும் விளக்கவுரை தேவைப்படவில்லை. தேவைப்பட்டது இடையில் இருந்த விநியோகஸ்தருக்கு.

பாராட்டு பெரும்பாலும் ஓர் இடத்தில் போய்க் குவிந்தது. துபாயிலிருந்து கோவைக்கு விமானத்தில் வருகிறான் அப்துல் காலிக். நண்பனுக்காக ஊட்டியில் ஒரு கல்யாணத்திலிருந்து மணப்பெண்ணைக் கூட்டிவர வேண்டும். வழியில் போலீஸ் அதிகாரி தனுஷ்கோடியின் வலையில் விழுந்து, கட்சி மாநாட்டு மேடையில் முதலமைச்சரைக் கொல்லும் கருவியாகிறான், சாகிறான், விமான இருக்கையில் கண் விழிக்கிறான். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்துகொள்கிறான். இதுவரை உலகப் படங்களில் பார்த்ததுதான். பிறகு தனுஷ்கோடிக்கும் எல்லாம் நினைவிருக்கத் தொடங்குகிறது. அங்கே அரங்கம் எழுந்தது.

ஞானப்பழத்துக்காக உலகைச் சுற்றப் போனவர் ஒருவர், பழத்தை வாங்கிக்கொண்டவர் இன்னொருவர் என்ற கதையைப் பழநிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. காலிக் உயிரைக் கொடுத்துச் சுற்றிச் சேர்த்த சக்தி, அவனுடைய ரத்தம் வழியாக வில்லனுக்குச் சும்மா கிடைத்துவிடுகிறது. அதோடு காலச்சுழல் படங்களின் பெரிய ஓட்டை ஒன்றும் அடைபடுகிறது. செத்தாலும் எழுந்துவிடுவான் என்றால் நாயகனுக்காக யார் பயப்படுவார்கள்? ‘கிரவுண்ட்ஹாக் டே’ (1993) அதை நகைச்சுவையாலும் சலிப்பாலும் சமாளித்தது. ‘எட்ஜ் ஆஃப் டுமாரோ’ கடைசிப் பகுதியில் நாயகனின் சக்தியையே பறித்தது. ‘மாநாடு’ எதிராளிக்கும் அதே சக்தியைக் கொடுத்தது. கொன்றால் நாள் மறுபடி தொடங்கிவிடும். ஆகவே கொல்லாமல் ஜெயிக்க வேண்டும் என்று சண்டையின் விதியே மாறுகிறது. தனுஷ்கோடியாக வரும் சூர்யாவின் எரிச்சலும் அலுப்பும் சிரிப்பை வரவழைத்தது இதனால்தான். வில்லன் களைத்துப்போவதைத் தமிழ்ப் படத்தில் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்?

ரத்த விஷயத்தை வைத்து ‘சுட்ட படம்’ என்றவர்கள் உண்டு. ‘எட்ஜ் ஆஃப் டுமாரோ’விலும் சக்தி வருவது ரத்தத்தால், போவதும் ரத்தத்தால். ஆனால் அங்கே புது ரத்தம் ஏற்றினால் சக்தி தொலைகிறது. இங்கே பகைவனுக்குப் போய்ச் சேருகிறது. எடுத்ததைத் தலைகீழாக்கி வேறு வேலை வாங்குவதற்குப் பெயர் திருட்டு என்றால் திரைக்கதை எழுதும் தொழிலே நடக்காது.

எனக்கு ஆச்சரியம், படத்தின் அரசியலைப் பற்றிப் பேச்சு அவ்வளவு குறைவாக இருந்ததுதான். நாயகன் ஒரு முஸ்லிம். திட்டம் நிறைவேறினால் பழி அவன்மீதும் அவன் சமூகத்தின்மீதும் விழும், கலவரம் வெடிக்கும். அவன் இறங்கும் விமான நிலையம் கோவை. 1997 நவம்பர் கலவரத்தையும், 58 பேர் உயிரிழந்த 1998 பிப்ரவரி 14 தொடர் குண்டுவெடிப்பையும் பார்த்த ஊர். அதன் பிறகு தமிழ் சினிமாவில் தீவிரவாதிக்கு என்ன பெயர் வைக்கப்பட்டது என்பதைத் தனியாகப் பட்டியல் போட வேண்டாம். அந்த வழக்கத்தை ‘மாநாடு’ திருப்பிப்போட்டது. ஒரு பெயரைக் கேட்டதும் முடிவுக்கு வந்துவிடுவது, வதந்தி, கடையடைப்பு, தீ என்று கலவரத்துக்கு எப்போதும் ஒரே வரிசை இருக்கிறது. அந்த வரிசையை உடைக்க ஒருவன் அதே நாளை மறுபடி மறுபடி வாழ்கிறான் என்பது வெறும் விளையாட்டு உத்தி அல்ல. இதைச் சொன்ன ரசிகர்கள் சிலரே. ஆனால் படத்தைச் சரியாகப் பார்த்தவர்கள் அவர்கள்தான்.

அதிகம் கேலி செய்யப்பட்டது வேறொன்று. சுழல் ஏன் வருகிறது என்பதற்குப் படம் சொல்லும் காரணம். காலிக் உஜ்ஜயினியில் ஒரு கோயிலில் பிறந்தவன். காலத்துக்கு அதிபதியான பைரவரின் அருள் என்கிறது கதை. ‘அறிவியல் படம் என்று கூட்டிப்போய்க் கடைசியில் சாமியைக் காட்டிவிட்டார்கள்’ என்று ஒரு தரப்பு முகம் சுளித்தது. முஸ்லிம் பையனுக்கு இந்துக் கோயிலின் வரம் கிடைத்ததே அழகு என்றது இன்னொரு தரப்பு. இரண்டாவது கருத்தில் நியாயம் இருக்கிறது. முதலாவதைச் சொன்னவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை: உஜ்ஜயினி சும்மா பொறுக்கி எடுத்த ஊர் அல்ல. கிரீன்விச் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நம் பழைய வானியல் நூல்கள் கணக்கைத் தொடங்கிய முதன்மைத் தீர்க்கரேகை அந்த ஊர் வழியாகத்தான் போனது. நேரம் பிறந்த ஊரில் காலிக் பிறந்தான் என்பது அறிவியல் ஆகாது. ஆனால் அர்த்தமில்லாத கற்பனையும் அல்ல.

என் குறை வேறு. நேரத்துக்கு ஓர் ஊர் வேண்டும் என்றால் அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டுமா? சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் வானாய்வுக்கூடம் அமைந்தது. தமிழிலும் எழுத்துப் பொறித்த அதன் கருங்கல் தூண் இன்றும் அங்கே நிற்கிறது. 1906இல் இந்தியா முழுமைக்கும் ஒரே நேரம் வருவதற்குமுன் நாட்டின் ரயில்கள் ஓடியது சென்னை நேரத்தில். அந்தக் கூடத்தின் வானியல் வேலை மலையேறிப் போய்ச் சேர்ந்த இடம்தான் கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடம். தொடக்கம் 1899. அரசு வானியலாளர் மிக்கி ஸ்மித் இடம் தேடியது இரண்டு மலைத்தொடர்களில்: நீலகிரி, பழநி. பழநி மலை ஜெயித்தது. ‘மாநாடு’ நீலகிரிக்குப் போய்விட்டது.

கொடைக்கானல் கூடம் பிறந்ததன் பின்னணியில் ஒரு பஞ்சம் இருக்கிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்த தாது வருஷப் பஞ்சம். சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் இங்கே பருவமழை பொய்ப்பதற்கும் தொடர்பு இருக்குமா, இருந்தால் அடுத்த பஞ்சத்தை முன்கூட்டியே அறியலாமா என்ற கேள்விதான் அன்றைய அரசைச் சூரியன் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்தது. நடக்கப்போகும் கேட்டை முன்பே தெரிந்துகொண்டு தடுக்க வேண்டும் என்ற ஆசை. காலிக்கின் ஆசையும் அதுதானே. மழைக்கான விடை நினைத்தபடி கிடைக்கவில்லை. ஆனால் 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் கரும்புள்ளியின் நிறமாலையைப் பார்த்து, புள்ளியின் ஓரத்தில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்கிறது என்று கண்டுபிடித்தார். எவர்ஷெட் விளைவு என்று உலகம் இன்றும் அதைப் படிக்கிறது.

ஆய்வுக்கூடத்தின் பெரிய சொத்து அந்தக் கண்டுபிடிப்பைவிட அதன் அன்றாட வேலை என்பது என் எண்ணம். 1904 வாக்கில் தொடங்கி, மேகம் விட்ட நாளெல்லாம் சூரியனைப் படம் எடுத்துவருகிறார்கள். அதே இடம், அதே சூரியன், ஒரு நூற்றாண்டைத் தாண்டிய படங்கள். இப்போது அவை டிஜிட்டலாக்கப்பட்டு உலக ஆய்வாளர்கள் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். மற்ற எல்லாம் மாறாமல் இருப்பதால்தான் மாறியது கண்ணில் படுகிறது. ‘மாநாடு’ மீதான இன்னொரு புகாருக்கும் பதில் இதில் உண்டு. முதல் அரை மணி இழுவை என்றார்கள். முதல் நாளை நிதானமாகக் காட்டாவிட்டால் இரண்டாம் நாளில் என்ன மாறியது என்று ரசிகருக்கு எப்படித் தெரியும்? படத்தொகுப்பாளர் பிரவீன் கே.எல். முதல் சுற்றைப் பொறுமையாக ஓடவிட்டு, பிறகு வந்த சுற்றுகளை வெட்டி வெட்டி, ஒரு முகம், ஒரு கதவு, ஒரு துப்பாக்கிச் சத்தம் போதும் என்ற அளவுக்குச் சுருக்கிவிட்டார். ரசிகரின் ஞாபகத்தை நம்பி எடுத்த முடிவு அது. கல்யாணப் பாட்டை ஒவ்வொரு சுற்றிலும் முழுசாகப் போடாத புண்ணியத்துக்கும் நன்றி சொல்லலாம்.

அடுத்து காலச்சுழல் படம் எடுக்க நினைப்பவர் கதைக்காகக் கொடைக்கானலுக்கு ஒருமுறை வந்து பார்க்கலாம். பூமியிலிருந்து பார்க்கும்போது சூரியன் சுமார் 27 நாளில் ஒரு சுற்று சுற்றுகிறது; ஆகவே கரும்புள்ளிகள் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் தள்ளி இருக்கும். தினமும் காலையில் படம் எடுக்கும் ஊழியர் ஒருவர், ஒரு நாள் புள்ளிகள் நேற்று இருந்த இடத்திலேயே இருப்பதைப் பார்க்கிறார். மறுநாளும் அப்படியே. நாள் நகரவில்லை என்று தமிழ்நாட்டில் முதலில் கண்டுபிடிக்கக்கூடியவர் அவர்தான். அதற்கு அவர் சாக வேண்டியதுகூட இல்லை. சிக்கல் என்னவென்றால், நாள் திரும்பத் தொடங்கும்போது நேற்று எடுத்த படமும் கூடவே அழிந்துவிடும். மேலதிகாரியிடம் அவர் எதைக் காட்டி நிரூபிப்பார்? இதற்கு உஜ்ஜயினி வரை போகாமல் ஒரு விடை எழுதும் இயக்குநர் கிடைத்தால், முதல் நாள் முதல் காட்சிக்குப் பழநியில் டிக்கெட் எடுக்க நான் தயார்.