புது பைக்குக்கு இ.எம்.ஐ. போடறதுக்கு முன்னாடி, பழைய பைக்கோட சக்கரத்தைக் கையால சுத்திப் பாருங்க

போன மாசம் என் சித்தப்பா பையன் வாட்ஸ்அப்ல ஒரு கொட்டேஷன் அனுப்பினான். புது பைக், 1 லட்சம் கடன், 36 மாசம், குறையும் நிலுவையில 11 சதவீத வட்டி, இ.எம்.ஐ. 3,274 ரூபாய். கூடவே ஒரு வாய்ஸ் நோட். "அண்ணா, பழைய வண்டி 50 கொடுத்தது, இப்ப 40தான் கொடுக்குது. பெட்ரோலுக்குப் போற காசை இ.எம்.ஐ.ல போட்டா புது வண்டியாவது கையில இருக்கும்ல?"

கேட்க நியாயமாத்தான் இருக்கு. கணக்குல நிக்காது. அவன் ஆபீஸ் போய்வர தினமும் 40 கி.மீ. மாசம் 25 நாள்னா 1,000 கி.மீ. மைலேஜ் 50 இருந்தப்போ 20 லிட்டர், இப்போ 25 லிட்டர். லிட்டர் 100 ரூபாய்னு வைச்சுக்கிட்டா வித்தியாசம் 500 ரூபாய். மாசம் 500 ரூபாய் ஓட்டையை அடைக்க 3,274 ரூபாயா? மூணு வருஷத்துல வட்டி மட்டுமே 17,800 ரூபாய்க்கு மேல போகும்.

அதுக்காக அந்த 500ஐ விட்டுடவும் கூடாது. வருஷத்துக்கு 6,000 ரூபாய். ஆடிட்ல ஒரு செலவு திடீர்னு 25 சதவீதம் ஏறியிருந்தா, "ஏன்"னு கேட்காம நாங்க கையெழுத்துப் போட மாட்டோம். பைக்கும் அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துட்டு வரச் சொன்னேன். இன்ஜினை ஆஃப் பண்ணி, நியூட்ரல்ல போட்டு, சென்டர் ஸ்டாண்டுல நிறுத்தி, பின்சக்கரத்தைக் கையால ஒரு தள்ளு தள்ளினேன். அரை சுத்து. நின்னுடுச்சு. "எப்ப கடைசியா சர்வீஸ் விட்ட?"ன்னு கேட்டேன். "நாலு மாசம் முன்னாடி. பிரேக் சரியா பிடிக்கல, நல்லா டைட் வைங்கன்னு சொல்லி விட்டேன்"னான். அவங்களும் சொன்னபடியே டைட் வச்சுட்டாங்க. டிரம் பிரேக்ல பெடலுக்குக் கொஞ்சம் சும்மா ஆடற இடம் இருக்கணும். அது இல்லைன்னா, காலை எடுத்த பிறகும் பிரேக் ஷூ டிரம்மை உரசிக்கிட்டே இருக்கும். உரசினா சூடாகும். அவன் நாலு மாசமா பிரேக் மேல கால் வச்ச மாதிரியே ஆபீஸ் போயிருக்கான்.

நீங்களும் இதைப் பாருங்க, அஞ்சு நிமிஷம் போதும். பின்சக்கரம் செயினையும் சேர்த்து இழுக்கறதால சீக்கிரம் நிக்கும், அது சகஜம். முன்சக்கரத்துக்கு, இன்னொருத்தரைப் பின்னாடி அமுக்கிப் பிடிக்கச் சொல்லி, தூக்கி நிக்கும்போது சுத்துங்க. டிஸ்க் பிரேக்ல லேசா "ஸ்ஸ்"னு உரசற சத்தம் வந்தா பயப்பட வேண்டாம். அடுத்து பிரேக்கை நல்லா அமுக்கி விட்டுட்டு மறுபடி சுத்துங்க. அமுக்கறதுக்கு முன்னாடி ஃப்ரீயா ஓடி, அமுக்கி விட்ட பிறகு டைட்டா இருந்தா, பிரேக் பழைய இடத்துக்குத் திரும்பலைன்னு அர்த்தம். டிஸ்க்ல பெரும்பாலும் கேலிப்பர் பிஸ்டனோ, அது நகர்ற பின்னோ துருவும் அழுக்கும் ஏறிச் சிக்கியிருக்கும்.

பிரேக் பெடல்ல ஆட்டம் இருக்கு, ஆனாலும் பின்சக்கரம் கனமா இருக்கா? செயினைப் பாருங்க. சக்கரத்தை மெதுவா உருட்டிக்கிட்டே நாலஞ்சு இடத்துல செயினை மேலும் கீழும் ஆட்டுங்க. எல்லா இடத்துலயும் விறைப்பா இருந்தா அதிகமா இழுத்து வச்சிருக்காங்க. ஒரு இடத்துல டைட், இன்னொரு இடத்துல லூஸ்னா செயினுக்கு வயசாயிடுச்சு. கரகரன்னு சத்தம் வந்தாலோ, சக்கரத்தைப் பக்கவாட்டுல ஆட்டினா ஆடினாலோ பேரிங். காத்து குறைவா இருக்கறது மட்டும் இந்த டெஸ்ட்ல தெரியாது, அதைத் தனியா கேஜ் வச்சுத்தான் பார்க்கணும்.

இன்னொரு வழி: அதிகம் பிரேக் போடாம ஒரு அஞ்சு கி.மீ. ஓட்டி நிறுத்தி, ரெண்டு சக்கரத்துக்குப் பக்கத்துலயும் கையைக் கொண்டு போங்க. தொடாதீங்க, டிஸ்க் சுட்டுடும். ஒரு பக்கம் மட்டும் அனல் அடிச்சா சந்தேகம் தீர்ந்தது. கார் வச்சிருக்கறவங்களும் இதே மாதிரி இடது, வலது சக்கரத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பெட்ரோலைவிட எனக்கு இதுலதான் பயம். டிஸ்க் உரசிக்கிட்டே இருந்தா சூடு பிரேக் ஆயிலுக்குப் போகும். புது டாட் 3 ஆயிலோட கொதிநிலை குறைஞ்சபட்சம் 205 டிகிரி, டாட் 4க்கு 230. ஆனா அந்த ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துக்கும், வருஷம் போகப் போக கொதிநிலை இறங்கும். கொதிச்சா உள்ளே ஆவி சேரும். நீங்க லிவரைப் பிடிச்சா அது கைப்பிடி வரைக்கும் சும்மா வரும், வண்டி நிக்காது. அதனால பார்க்கறது உங்க வேலை, கேலிப்பரைப் பிரிக்கறது மெக்கானிக் வேலை. ஓவரால் பண்ணணும்னு அவர் சொன்னா, அங்க பேரம் பேசாதீங்க.

சர்வீஸ் சென்டர்ல ஜாப் கார்டுல என்ன எழுதறீங்கங்கறது ரொம்ப முக்கியம். "மைலேஜ் வரல"ன்னு எழுதினா, பிளக் மாத்துவாங்க, இன்ஜின்ல ஏதோ ஊத்துவாங்க, பில் ஏறும், சக்கரத்தை யாரும் தொட மாட்டாங்க. "பின்சக்கரம் ஃப்ரீயா சுத்தல, பிரேக்கும் செயினும் பாருங்க"ன்னு எழுதுங்க. காசு கொடுக்கறதுக்கு முன்னாடி, அவங்க கண் எதிர்லயே சுத்திப் பாருங்க. ஒரு மாதிரி பார்ப்பாங்க. பார்க்கட்டும்.

இவ்வளவு பேசற நான் என்ன பண்ணேன்னு கேட்டா, சி.ஏ. முடிச்சு முதல் வேலையில சேர்ந்தப்போ இதே காரணத்துக்காக என் பைக்கை 18,000 ரூபாய்க்கு வித்துட்டு, புதுசை லோன்ல எடுத்தேன். வாங்கினவர் ஒரு மெக்கானிக். ஆறு மாசம் கழிச்சு டீக்கடையில பார்த்தார். "சார், வண்டி சூப்பரா ஓடுது. பின்னாடி பிரேக் ராடு நட்டை ரெண்டு சுத்து லூஸ் பண்ணேன், அவ்ளோதான்"னார். டீக்குக் காசும் அவரே கொடுத்தார்.

தம்பி வண்டிக்கு எங்க தெரு மெக்கானிக் நட்டை லூஸ் பண்ணி, டிரம்மைக் கழட்டித் துடைச்சு, ஷூ தேயலைன்னு காட்டி, 150 ரூபாய் வாங்கினார். டேங்க்கை ரொப்பி, ஓடோமீட்டரைக் குறிச்சு, அதே பங்க்குல மறுபடி ரொப்பிப் பார்த்தோம். 48 வந்திருக்கு. கொட்டேஷன் இன்னும் அவன் போன்லதான் இருக்கு. புது வண்டி ஆசை போகலைன்னு தெரியும். ஆசைக்காக வாங்கட்டும், அது வேற கணக்கு. சுத்திப் பார்க்கற முறையை வீடியோவில செஞ்சு காட்டியிருக்கேன். உங்க பின்சக்கரம் எத்தனை சுத்து சுத்துச்சுன்னு கமென்ட்ல போடுங்க.