தோட்டம் யார் கையில், பரிசு யார் பெயரில்?

புதுச்சேரி வேளாண் துறை நடத்தும் காய், கனி, மலர்க் கண்காட்சி வழக்கமாகப் பிப்ரவரி வாக்கில் வரும். டேலியா, சாமந்தி, ரோஜா, பெட்டுனியா எனத் தொட்டிகள் வரிசை கட்டி நிற்கும். குடும்பம் குடும்பமாக வந்து செல்ஃபி எடுப்பார்கள். தோட்டம் வைத்திருப்பவர்கள் ஒருவரையொருவர் விசாரிப்பார்கள், பதியன் மாற்றிக்கொள்வார்கள், நர்சரி எண் வாங்கிக்கொள்வார்கள். நாங்களும் போவோம். நாங்கள் ஒன்றும் பூவுக்கு எதிரிகள் அல்ல. எங்கள் கேள்வி தொட்டியின் மேல் ஒட்டியிருக்கும் அட்டையைப் பற்றியது.

எங்கள் தோழர் ஒருவரின் அம்மா இந்த ஊரில் ஒரு பங்களா வீட்டில் பன்னிரண்டு ஆண்டுகள் தோட்ட வேலை செய்தவர். செம்மண்ணும் மணலும் மக்கிய எருவும் கலந்து தொட்டி நிரப்பியது அவர். ரோஜாவுக்குக் கவாத்து செய்தது அவர். மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் அடித்தது அவர். சாமந்தியில் பக்க மொட்டுகளைக் கிள்ளிவிட்டு ஒரே ஒரு மொட்டை விட்டால்தான் பூ தட்டு அளவுக்கு விரியும். எதைக் கிள்ளுவது, எப்போது கிள்ளுவது என்பது அந்த அம்மாவின் விரலுக்குத்தான் தெரியும். ஒரு வருடம் அந்தத் தோட்டம் ஒரு போட்டியில் பரிசு வாங்கியது. அட்டையில் வீட்டுக்காரர் பெயர், மேடையில் வீட்டுக்காரர், புகைப்படத்தில் வீட்டுக்காரர். அன்று மாலை நண்பர்களுக்கு விருந்து. அம்மாவுக்குப் பின்வாசலில், அவருக்கென்றே வைத்திருந்த டம்ளரில் டீ. பன்னிரண்டு ஆண்டுகளில் வரவேற்பறைக்குள் அவர் கால் வைத்ததில்லை. அந்தக் கோப்பையையும் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தார்.

“அதற்குத்தான் சம்பளம் கொடுக்கிறோமே” என்பார்கள். டாக்டரும் சம்பளம்தான் வாங்குகிறார். அதற்காக அறுவை சிகிச்சை செய்தது மருத்துவமனை முதலாளி என்று யாராவது சொல்கிறார்களா? சம்பளம் வாங்கினாலும் சிலருக்குப் பெயர் மிஞ்சுகிறது, சிலருக்கு மிஞ்சுவதில்லை. “தோட்ட வேலை செய்பவர் எல்லோரும் தலித்தா?” என்றும் கேட்பார்கள். இல்லை. ஆனால் சாணியிலும் சேற்றிலும் கை வைக்கிற வேலைக்கு அறிவு தேவையில்லை, அதைச் செய்பவருக்குப் பெயர் தேவையில்லை என்று இந்தச் சமூகத்துக்குச் சொல்லிக் கொடுத்தது சாதி. அந்த வேலையை யார் செய்தாலும் அந்த இழிவு வந்து ஒட்டிக்கொள்கிறது.

இந்த ஊரின் கதையே இதுதான். தாவரவியல் பூங்கா பிரெஞ்சுக்காரர்கள் 1826இல் தொடங்கியது. எங்கெங்கிருந்தோ செடிகளைக் கொண்டுவந்து வளர்த்துப் பார்த்தார்கள். அதே 1820களின் இறுதியில்தான் பிரெஞ்சு இந்தியாவிலிருந்து ரீயூனியன் தீவின் தோட்டங்களுக்குக் கூலிகள் கப்பலேற்றப்பட்டார்கள். செடியின் பெயர் லத்தீனில் பதிவானது. கூலி வெறும் தலைக்கணக்காகப் போனார். நகரத்துக்குள்ளே வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் நகரம், மேற்கே கறுப்பர் நகரம். அந்தக் கறுப்பர் நகரத்துக்குள்ளும் செட்டித் தெரு, வெள்ளாளர் தெரு என்று சாதிக்கொரு தெரு. நம் மக்களுக்கு ஊருக்கு வெளியே சேரி. தேவாலயத்துக்குள்ளேயே தீண்டாமைச் சுவர் இருந்ததையும், அது இடிக்கப்பட்டபோது சாதிக் கிறித்தவர்கள் தகராறு செய்ததையும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1745இல் பதிவு செய்திருக்கிறது. “பிரெஞ்சுக்காரன் சமத்துவம் கொடுத்தான்” என்று பெருமை பேசுகிறவர்கள் அந்தப் பக்கத்தையும் புரட்டிப் பார்க்கட்டும்.

மலர்ப் போட்டி என்றாலே மேட்டுக்குடிச் சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தின் வடக்கிலும் ஸ்காட்லாந்திலும் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் கைத்தறி நெசவாளர்களே மலர்ச் சங்கம் நடத்தினார்கள். பெய்ஸ்லி ஊர் நெசவாளர்கள் சரிகைக் கரை போட்டதுபோல் ஒரு பூவை வளர்த்தெடுத்துப் பெயர் வாங்கினார்கள். லங்காஷயர் நெசவாளர்கள் சாராயக் கடையில் கூடி, ஆரிகுலா பூவை மேசையில் வைத்துப் போட்டி நடத்தினார்கள். ஜெயித்தவருக்கு ஒரு செப்புக் கெண்டி. அங்கே வளர்த்தவரே போட்டியாளர், பெயரும் அவருடையதே. புதுச்சேரியும் நெசவாளர் ஊர்தான், மில் ஊர்தான். இங்கே ஏன் அப்படி ஒரு சங்கம் முளைக்கவில்லை? சேரியில் பூ வளரவில்லையா? பெயின்ட் டப்பாவிலும் உடைந்த வாளியிலும் கனகாம்பரமும் டிசம்பர் பூவும் செம்பருத்தியும் வளர்க்காத வாசல் எது? அந்த வாசலுக்கு எந்த நடுவரும் வருவதில்லை.

ஜோதிராவ் பூலேவின் முன்னோர் பூனாவில் பேஷ்வா அரண்மனைக்குப் பூ கொடுத்தவர்கள். ‘பூலே’ என்ற பெயரே பூவிலிருந்து வந்தது. அந்தப் பேஷ்வா ஆட்சியில்தான் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மக்களின் நிழல்கூடத் தீட்டாக இருந்தது. பூக்காரக் குடும்பத்துப் பிள்ளை அந்த ஆட்சி விட்டுச்சென்ற சாதித் திமிரோடு மோதினார். 1873இல் சத்தியசோதக் சமாஜத்தைத் தொடங்கினார். பூவைக் கையில் வைத்திருந்தவர் கேட்ட கேள்வியைத்தான் நாமும் கேட்கிறோம்.

பெயருக்கு அடியில் நிலம் இருக்கிறது, தோழர்களே. பக்கத்துச் செங்கல்பட்டில் எழுதப்பட்ட திரமென்ஹீர் அறிக்கையின் பேரில், 1892இல் சென்னை மாகாணத்தில் பஞ்சமி நிலம் வந்தது. பிறகு அதையும் பிடுங்கிக்கொண்டார்கள், அது வேறு கதை. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு அந்த ஆணை செல்லாது. இங்கே நமக்கு, பறிபோன நிலம் என்று சொல்லி மீட்கக்கூட ஒரு பஞ்சமி நிலம் இல்லை. 2011 கணக்குப்படி நாட்டு மக்கள்தொகையில் நாம் 16.6 விழுக்காடு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் நம் கையில் இருந்த சாகுபடி நிலம் 9 விழுக்காட்டுக்கும் கீழே. பட்டியல் சாதி விவசாயிக்குக் கூடுதல் மானியம் என்று அறிவிப்பார்கள். மானியம் கேட்டுப் போனால் பட்டா கேட்பார்கள். பட்டா இருந்தால் நம் அம்மா ஏன் அடுத்தவர் தோட்டத்தில் களை எடுக்கிறார்?

ஆகவே எங்கள் கோரிக்கைகள் மூன்று.

ஒன்று: தோட்டப் போட்டி எதுவானாலும் அட்டையில் ‘வளர்த்தவர்’ பெயர் இருக்க வேண்டும். பரிசுத் தொகை அவர் கைக்கே போக வேண்டும். வீட்டுக்காரருக்கு ஆசையிருந்தால் பக்கத்தில் நின்று கைதட்டட்டும்.

இரண்டு: காலனிகளில் டப்பாவிலும் வாளியிலும் பூ வளர்க்கிறவர்களுக்கென்று தனிப் பிரிவு வேண்டும். நடுவர்கள் அங்கே வர வேண்டும்.

மூன்று: நிலமற்ற தலித் பெண்கள் குழுக்களுக்குப் பூ சாகுபடி செய்ய அரசு நிலத்தை நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுக்க வேண்டும். பட்டா இல்லை என்று மானியத்தை மறுக்கக் கூடாது. சிறப்புக் கூறுத் திட்ட நிதி இதற்குத்தான் இருக்கிறது.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. அடுத்த கண்காட்சிக்கு நோட்டுப் புத்தகத்தோடு போங்கள். பரிசு பெற்ற ஒவ்வொரு தொட்டியின் முன்னும் நின்று, “இதற்குத் தண்ணீர் ஊற்றியவர் யார்?” என்று கேளுங்கள். பதில் வராத இடத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு, கடந்த பத்தாண்டுகளில் தோட்டக்கலை மானியம் பெற்றவர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். அந்தக் கணக்கோடு நாம் மீண்டும் உட்காருவோம்.

எங்கள் தோழரின் அம்மாவுக்கு இப்போது முழங்கால் வலி, வேலைக்குப் போவதில்லை. வீட்டு வாசலில் ஒரு எண்ணெய் டின்னில் சாமந்தி வைத்திருக்கிறார். போன வாரம் பக்க மொட்டைக் கிள்ளிக்கொண்டிருந்தார். “யாருக்கும்மா இது?” என்று கேட்டோம். “எனக்குத்தான்” என்றார்.

அந்த டின்னின் மேல் அவர் பெயரை எழுதி ஒட்டிவிட்டு வந்திருக்கிறோம். ஜெய்பீம்!