அடைக்கலப் பொருளும் அறிவிக்குங் கடனும்

களவு என்பது உலகில் தொன்றுதொட்டு உள்ளதே. எனினும், பழைய களவிற்கும் இக்காலத்துக் களவொன்றிற்கும் பெரியதொரு வேற்றுமை உண்டு. பெட்டியிலிருந்த பொன் களவுபோயின், பெட்டி வெறுமையாகும்; உடையவன் அதனைக் கண்ட அளவிலே கூக்குரலிடுவான். இணையத்தில் நாம் வைத்துள்ள கணக்குகளின் விவரங்கள் களவுபோகுங்கால் அங்ஙனம் யாதொன்றும் குறைவதில்லை. பெயர், பிறந்த நாள், கடவுச்சொல் யாவும் வைத்தவிடத்தில் வைத்தபடியே இருக்கும். அவற்றின் படியொன்று மட்டும் கள்வன் கையில் இருக்கும். உடையவன் ஒன்றும் அறியான். முதற்கண் அறியக்கூடியவர், அவற்றை அடைக்கலமாகப் பெற்றுக் காத்துவரும் கம்பெனியாரே. ஆதலின், களவு நேர்ந்தமையை உடையவர்க்கு உடனே அறிவித்தல், அவர் விரும்பினாற் செய்யும் உபகாரமன்று. தவிர்க்கவொண்ணாத கடன் என்பதே ஈண்டு யாம் வற்புறுத்த விரும்புவது.

இதற்குச் சான்றாக அமெரிக்க ஐக்கிய நாடுகளின் யாஹூ கம்பெனியில் நிகழ்ந்தவற்றை நோக்குவோம். 2013ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அக்கம்பெனியின் கணக்கு விவரங்களைக் கள்வர் கவர்ந்தனர். அச்செய்தி வெளியானது 2016 டிசம்பரில். அப்பொழுது 100 கோடிக் கணக்குகள் என்றனர். 2017 அக்டோபரிலோ, களவு நேர்ந்த காலத்திலிருந்த 300 கோடிக் கணக்குகளும் அகப்பட்டன என்றனர். இதனினும் கருதத்தக்கது 2014ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நிகழ்ந்த இரண்டாங் களவு. 50 கோடிக் கணக்குகள் அதில் அகப்பட்டன. முந்திய களவை அறியாதிருந்தோம் என்று அவர் கூறலாம். பிந்தியதையோ, அது வெளிப்பட்ட சில நாட்களுக்குள்ளேயே கம்பெனியின் காவற்பகுதியினர் அறிந்தனர். மேலதிகாரிகளுக்கும் சட்டப்பகுதியினர்க்கும் தெரிவித்தனர். ஆயினும் 2016 செப்டம்பர் வரையில் உலகிற்கு அது உரைக்கப்படவில்லை. இதன்பொருட்டு, அல்டாபா எனப் பெயர் மாறியிருந்த அக்கம்பெனிக்கு 2018 ஏப்ரலில் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்தார் 3 கோடியே 50 லட்சம் டாலர் தண்டம் விதித்தனர். அத்தண்டமும் முதலீடு செய்தோரை ஏமாற்றியமைக்காக விதிக்கப்பட்டது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

அவ்வாண்டுகளில் விளைந்த தீங்கு யாது? 2017 மார்ச்சில் அமெரிக்க அரசாங்கத்தார் வெளியிட்ட குற்றப்பத்திரம், ரஷ்ய உளவுத்துறை அதிகாரிகள் இருவர் உட்பட நால்வர்மீது இக்களவைச் சாட்டியது. பத்திரிகையாளர், அரசாங்க உத்தியோகஸ்தர் முதலியோரின் அஞ்சல்களைப் படிக்க அவ்விவரங்கள் பயன்பட்டன என்பது அதிற் கண்ட குற்றச்சாட்டு. தம் அஞ்சலைப் பிறர் படிக்கக்கூடும் என அறிந்திருப்பாராயின், அவர் வேறு வழி நாடியிரார்களோ? அவ்வாய்ப்பை அவர்க்கு இல்லாமற் செய்தது கள்வன் மட்டுமல்லன், காவலன் வாய்மூடியிருந்தமையுமாம்.

கடவுச்சொற்கள் எழுதியபடியே வைக்கப்படுவதில்லையே எனச் சிலர் வினவலாம். உண்மையே. நல்ல காவலர் அவற்றைக் கணித முறையொன்றால் உருத்தெரியாத குறியீடுகளாக மாற்றி, அக்குறியீடுகளையே வைப்பர். குறியீட்டிலிருந்து சொல்லை மீட்டல் அரிது. ஆயின் கள்வன் மீட்க முயல்வதில்லை. மாந்தர் பெரும்பாலும் தேர்ந்துகொள்ளும் சொற்களை ஒவ்வொன்றாக அதே முறையில் மாற்றி, எக்குறியீட்டோடு ஒத்துவருகின்றதெனப் பார்க்கின்றான். இவ்வேலைக்கு அவனுக்கு வேண்டுவது காலம் ஒன்றே. அக்காலத்தைக் கம்பெனியாரின் மௌனம் அவனுக்கு இனாமாக அளிக்கின்றது.

லிங்க்டின் கம்பெனியில் 2012இல் நேர்ந்த களவில் முதலில் வெளிப்பட்டவை ஏறக்குறைய 65 லட்சம் குறியீடுகள். களவுபோயின எனத் தாம் கருதிய கணக்குகளுக்கு மட்டுமே கம்பெனியார் அப்பொழுது கடவுச்சொல்லை மாற்றச் செய்தனர். 2016இல் 11 கோடியே 70 லட்சம் பேரின் மின்னஞ்சல் முகவரிகளும் குறியீடுகளும் விலைக்கு வந்தபொழுதுதான் களவின் முழு அளவும் தெரிந்தது. இடைப்பட்ட நான்காண்டும், எஞ்சியோர் தம் பழைய சொல்லே பாதுகாப்பானதென நம்பியிருந்தனர்.

அன்றியும், ஒரு வீட்டின் திறவுகோல் மற்றொரு வீட்டையும் திறக்கும் வழக்கம் இங்கு உண்டு. டிராப்பாக்ஸ் கம்பெனியின் ஊழியரொருவர் பிறிதோரிடத்தில் வழங்கிய கடவுச்சொல்லையே தம் அலுவற் கணக்கிற்கும் வைத்திருந்தார். ஆங்குக் களவுபோன அச்சொல் 2012இல் இக்கம்பெனியுள்ளும் கள்வனைப் புகச்செய்தது. எனவே, ஒரு காவலன் மறைத்த செய்தி அவனோடு நில்லாது, பிற காவலர் வாயில்களையும் திறந்துவிடுகின்றது.

உடனே அறிவித்தால் மக்கள் கலங்குவர், புலன்விசாரணை கெடும், புதுக் கள்வர் வழியறிவர் என்பது எதிர்த்தரப்பாரின் வாதம். திறந்துகிடக்கும் வாயிலை அடைக்கும்வரை சின்னாள் பொறுத்தல் நேரிதே. அதனை யாமும் ஒப்புகின்றோம். சின்னாட் பொறுத்தல் வேறு, ஈராண்டு மறைத்தல் வேறு. கலக்கம் ஒருநாளைத் துன்பம். அறியாமையோ, கள்வன் கருதும்வரை நீளும் துன்பம்.

சட்டங்களும் இந்நெறியையே மேற்கொண்டு வருகின்றன. கலிபோர்னியா மாகாணத்தில் இத்தகைய சட்டம் 2003 ஜூலை முதல் நடைபெறுகின்றது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைபெறும் சட்டம், களவை அறிந்த 72 மணி நேரத்துள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்கப் பணிக்கின்றது. நம் இந்தியப் பாராளுமன்றம் 2023இல் நிறைவேற்றிய சட்டமும் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவர்க்கும் அறிவித்தலைக் கடமையாக்கி, தவறுவோர்க்கு 200 கோடி ரூபாய் வரையில் தண்டம் வகுத்துள்ளது. அதற்குரிய விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. இக்கடமை நடைமுறைக்கு வருதற்கு 18 மாத அவகாசம் அவற்றில் தரப்பட்டது. சட்டம் வரும்வரை காத்திருந்துதான் நேர்மையுடன் ஒழுகவேண்டுமென்பதில்லை.

சிலப்பதிகாரத்தில், கண்ணகியை அடைக்கலமாகப் பெற்ற ஆய்ச்சியாகிய மாதரி, தன்பால் யாதொரு குற்றமும் இல்லாதிருந்தும், அடைக்கலம் இழந்த துயர் பொறாது தீயிற் புகுந்தாள். அத்துணைப் பெரிய செயலை நாம் எக்கம்பெனியாரிடத்தும் வேண்டவில்லை. உரிய காலத்தில் ஒரு கடிதம் எழுதுதலையே வேண்டுகின்றோம்.

மாணவ நண்பர்களே! கணக்கிற்கொரு தனிக் கடவுச்சொல் வைத்தலும், இரண்டாம் சரிபார்ப்பு முறையைக் கைக்கொள்ளுதலும் நும்மால் இன்றே இயல்வன. ஆயின் நும்முட் பலர் நாளை வங்கிகளிலும், மருத்துவமனைகளிலும், கணினிக் கம்பெனிகளிலும் பிறர் விவரங்களைக் காக்கும் பணியில் அமர்வீர்கள். இக்கல்லூரியின் பழைய மாணவர் சிலர் இப்பொழுதே அமர்ந்திருத்தலுங் கூடும். களவொன்று நேர்ந்த நாளில், “இதனை வெளியிற் சொல்லவேண்டா” என மேலோர் பணிப்பரேல், அவ்விவரங்கள் கம்பெனிக்குச் சொந்தமல்ல, நம்பி வைத்தவர்க்கே சொந்தம் என்று எடுத்துரைக்க நும்முள் ஒருவரேனும் அவ்வறையில் இருத்தல் வேண்டும்.