செவ்வியல் படம் எண்டு ஆர் சொன்னது?

ஒன்லைன் திரைப்படக் குழுக்கள் கூடிவிட்டன. வாட்ஸ்அப்பில் ஒரு குரூப், கிழமைக்கு ஒரு படம், ஞாயிறு இரவு சூமில் ஒரு மணித்தியாலக் கதை. நல்ல விசயம். தியேட்டருக்கு வராத, ரீவியில் போடாத படங்களை மட்டக்களப்பில் இருக்கிற ஒருவரும் மன்னாரில் இருக்கிற ஒருவரும் ஒரே கிழமையில் பார்த்துவிட்டுக் கதைப்பது எங்கட அம்மா அப்பாவுக்குக் கிடைக்காத வசதி. எங்கட சண்டை அந்த வசதியோட இல்லை. எந்தப் படத்தைத் தெரிவு செய்கிறோம், பார்த்த பிறகு அதைப் பற்றி எப்படிக் கதைக்கிறோம் என்பதோடதான்.

தெரிவு பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. 'சாகிறதுக்கு முன்னம் பார்க்கவேண்டிய நூறு படங்கள்' மாதிரி ஒரு பட்டியலை ஒருவர் போடுவார். அதில் இருந்து நாலு பெயரை எடுத்து வாக்கெடுப்பு. ஏற்கனவே பெயர் தெரிந்த படம் வெல்லும். ஏன் இந்தப் படம் எண்டு கேட்டால், 'மச்சான், அது கிளாசிக்' எண்டு பதில் வரும். அதோட கதை முடிஞ்சுது. கிளாசிக் என்பது காரணமாகிவிட்டது. அதற்கு மேலே கேட்கிறவர் ரசனை இல்லாதவர்.

சரி, அந்தப் பட்டியல்களையே எடுத்துப் பார்ப்பம். உலகத்திலேயே அதிகம் மதிக்கப்படுவது பிரித்தானியாவின் 'சைட் அன்ட் சவுண்ட்' சஞ்சிகை 1952 முதல் பத்து வருசத்துக்கு ஒருக்கால் விமர்சகர்களிடம் எடுக்கிற வாக்கெடுப்பு. முதல் தடவை முதலிடத்தில் இருந்தது இத்தாலியப் படமான 'பைசிக்கிள் தீவ்ஸ்'. 1962 இலிருந்து 2002 வரை 'சிற்றிசன் கேன்'. 2012 இல் 'வெர்ட்டிகோ'. 2022 இல் ஷந்தால் அகெர்மானின் 'ஷான் டீல்மான்'. இந்தக் கடைசிப் படம் வந்தது 1975 இல். 2012 பட்டியலில் அது முதல் முப்பதுக்குள்ளேயே இல்லை. பத்து வருசத்தில் அந்தப் படத்தின் ஒரு காட்சிகூட மாறவில்லை. மாறினது கேட்கப்பட்ட ஆக்கள். 2012 இல் வாக்களித்தவர்கள் 846 பேர். 2022 இல் 1,600 பேருக்கு மேல். ஆக்கள் மாற, 'உலகின் தலைசிறந்த படம்' மாறிவிட்டது.

இதை வைத்துப் பட்டியல் எல்லாம் பொய் எண்டு நாங்கள் சொல்ல வரவில்லை. பட்டியல் என்பது ஒரு கூட்டம் ஆக்கள் ஒரு காலத்தில் எடுத்த முடிவு, அவ்வளவுதான். அவர்கள் பார்க்கக் கிடைத்த படங்களில் இருந்துதான் அவர்களாலும் எடுக்கமுடியும். பார்க்கக் கிடைக்காத படத்துக்கு ஒருவரும் வாக்குப் போடமாட்டினம். அப்போ எந்தப் படம் பார்க்கக் கிடைக்கிறது, எது கிடைக்கவில்லை என்பதுதான் முதலாவது கேள்வி. அந்தக் கேள்வி எங்கட ஊருக்கு வரும்போது சுடும்.

இரண்டு தீயைப் பற்றிச் சொல்லுவம். 1993 இல் லண்டனில் ஒரு படக்கூடத்தில் தீப்பிடித்தது. சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யின் மூல நெகற்றிவ் அதில் கருகியது. கருகினதை ஒருவரும் குப்பையில் போடவில்லை. எடுத்துப் பத்திரப்படுத்தி, இருபது வருசத்துக்குப் பிறகு இத்தாலியின் பொலோஞ்ஞா நகரில் அங்குலம் அங்குலமாகத் திருத்தி, 2015 இல் படத்தைத் திரும்பத் திரைக்குக் கொண்டுவந்தார்கள். இண்டைக்கு யூரியூப்பில் கண்ணாடி மாதிரி நாங்கள் பார்க்கிற துர்காவின் முகம் அந்தத் தீயில் இருந்து மீட்கப்பட்டது.

மற்றத் தீ, 1983 ஜூலை. கொழும்பு கொம்பனித்தெருவில் ரியோ தியேட்டர் எரிந்தது. ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோ எரிந்தது. அங்கே படச்சுருள்களும் எரிந்தன. அவற்றை அங்குலம் அங்குலமாகத் திருத்த ஒருவரும் வரவில்லை. எரித்தவர்களின் நோக்கம் வேறு, லண்டன் விபத்து வேறு. அது எங்களுக்குத் தெரியும். நாங்கள் கேட்கிறது தீக்குப் பிறகு நடந்ததை. ராயின் படம் மீண்டதுக்குக் காரணம், உலகத்தில் கனபேர் அதைப் பார்த்திருந்தார்கள், அதைப் பற்றி எழுதியிருந்தார்கள், அது போனால் நட்டம் எண்டு சொல்ல ஆக்கள் இருந்தார்கள். செவ்வியல் என்ற பெயர் வெறும் பாராட்டு இல்லை. எதைக் காப்பாற்றுவது, எதை விட்டுவிடுவது என்பதையும் அந்தப் பெயர்தான் தீர்மானிக்கிறது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'நிதானய' 2013 இல் மார்ட்டின் ஸ்கோர்செஸி தொடங்கின அமைப்பின் மூலம் புதுப்பிக்கப்பட்டது. சுமித்ரா பீரிஸின் 'கெஹெனு லமாய்' புதுப்பிக்கப்பட்டு 2025 இல் கான் விழாவின் செவ்வியல் பிரிவில் காட்டப்பட்டது. இரண்டும் நடந்தது அந்தப் படங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் இருந்தபடியால்.

இலங்கைத் தமிழ்ப் படங்களைப் பற்றி ஆர் பேசுகிறம்? 'குத்துவிளக்கு' 1972. 'பொன்மணி' 1977. செங்கை ஆழியானின் நாவலில் இருந்து எடுத்த 'வாடைக்காற்று' 1978. ஏ.எல்.லுக்குத் தமிழ் படித்து, கம்பஸில் கலைப்பீடத்துக்கு வந்து, ஈரானியப் படங்களைப் பற்றி அரை மணித்தியாலம் கதைக்கக்கூடிய எத்தனை பேர் இந்த மூன்றில் ஒன்றையாவது பார்த்திருக்கிறோம்? 'பொன்மணி'யை எடுத்தவர் தர்மசேன பத்திராஜா. சிங்கள நெறியாளர், யாழ்ப்பாண வளாகத்தில் படிப்பித்தவர். ஒரு சிங்களவர் யாழ்ப்பாணத்துக்கு வந்து, இங்கத்தைச் சாதியையும் சீதனத்தையும் பற்றித் தமிழில் ஒரு படம் எடுத்திருக்கிறார். நல்ல படமோ கூடாத படமோ, இப்படி ஒரு விசயம் நடந்தது எண்டதே எங்கட திரைப்படக் குழுக்களில் ஒரு கதையாக வருவதில்லை. கியாரொஸ்தமியின் கிராமத்துக்கு வழி தெரியும். எங்கட ஒழுங்கைக்கு வழி தெரியாது.

உடனே ஒரு பதில் வரும்: 'அப்போ பொன்மணி குரோசவாவை விடப் பெரிய படமா?' இல்லை. அப்படி நாங்கள் சொல்லவும் இல்லை. இந்தக் கேள்வியே பட்டியல் பழக்கிவிட்ட கேள்வி. எல்லாத்தையும் ஒரு ஏணியில் நிற்க வைத்து ஆர் மேலே, ஆர் கீழே எண்டு பார்க்கிற பழக்கம். எங்கட படம் என்பதற்காக ஒரு புள்ளிகூடக் கூட்டிப் போடத் தேவையில்லை. நடிப்பு நாடகத்தனமாக இருந்தால் அப்படியே சொல்லுவம். இந்தியப் படத்தைப் பார்த்துக் கொப்பியடித்தது எண்டால் அதையும் சொல்லுவம். அப்படிச் சொல்லுறதுக்கே முதலில் பார்க்கவேணும். பார்க்காமல் விட்ட படத்தை விமர்சிக்கவும் முடியாது, மறக்கவும் உரிமை இல்லை.

இனி, கதைக்கிற விதம். இங்கேதான் எங்களுக்கு இன்னும் கோபம். 'ரஷோமொன்' படத்தை எடுப்பம். எந்தக் குழுவில் போட்டாலும் பத்து நிமிசத்துக்குள் ஒருவர் சொல்லிவிடுவார்: 'உண்மை எண்டு ஒண்டு இல்லை, ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு உண்மை.' எல்லாரும் தலையாட்டுவினம். விக்கிபீடியாவில் இருந்து ஒரு பந்தி வரும். கூட்டம் முடியும்.

படத்தை உண்மையிலேயே பார்த்தோமா? காட்டில் ஒரு ஆள் செத்திருக்கிறார். ஒரு பெண் வன்புணரப்பட்டிருக்கிறாள். இந்த இரண்டையும் படத்தில் ஒருவரும் மறுக்கவில்லை. கொள்ளைக்காரன் தன்னை வீரனாகக் காட்டப் பொய் சொல்கிறான். செத்தவன்கூட, ஆவியாய் வந்து, தன்ர மானத்தைக் காப்பாற்றிக்கொண்டுதான் கதைக்கிறான். விறகுவெட்டி தான் கண்டதை முதலில் மறைக்கிறான். காணாமல் போன விலையுயர்ந்த குத்துவாளைப் பற்றிக் கேட்டதும் அவனுக்கு வாய் அடைத்துப் போகிறது. குரோசவா காட்டுறது உண்மை இல்லை எண்டதை இல்லை. ஆர், எதுக்காகப் பொய் சொல்லுகினம் எண்டதை. இந்த இரண்டுக்கும் இடையில் இருக்கிற தூரம் சின்னத் தூரம் இல்லை. அதுவும் எங்கட நாட்டில். எத்தனை ஆணைக்குழுக்களின் முன்னால் எத்தனை தாய்மார் சாட்சி சொல்லிவிட்டு வந்திருக்கினம்? அவர்களிடம் போய் 'ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு உண்மை' எண்டு சொல்லுவமா? ஞாயிறு இரவு சூமில் மட்டும் அதை எப்படி இவ்வளவு சுகமாகச் சொல்ல முடிகிறது?

ஒரு படம் செவ்வியல் எண்டு முத்திரை குத்தப்பட்டவுடன் அதைப் பற்றிய வசனங்களும் முத்திரை குத்தப்பட்டு வந்துவிடுகின்றன. நாங்கள் அதைத் திருப்பிச் சொல்லுறம். ஓசுவின் 'ரோக்கியோ ஸ்டோரி' எண்டால் தரையோடு வைத்த கமரா. அந்தக் கமரா முக்கியம்தான். அதைவிட, பிள்ளைகளைப் பார்க்க வந்த தாய் தகப்பனை அந்தப் பிள்ளைகள் செலவு பார்த்து ஒரு கடற்கரை விடுதிக்கு அனுப்பிவிடுகிற காட்சியைப் பற்றி, ரொறன்ரோவிலும் லண்டனிலும் அண்ணன் அக்கா இருக்கிற எங்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லையா? 'எங்கட கதை மாதிரியே இருக்கு' எண்டு சொல்லிவிட்டு நிற்பதும் போதாது. எங்கே ஒத்துப்போகிறது, எங்கே ஒத்துப்போகவில்லை எண்டு சொல்லவேணும். விசா இல்லாமல் வர முடியாத பெற்றோரைப் பற்றி ஓசு எடுக்கவில்லை. அந்த வித்தியாசத்தில்தான் எங்கட கதை தொடங்குகிறது.

கதைக்காமல் இருக்கிறவர்களைப் பற்றியும் சொல்லவேணும். எந்தக் குழுவிலும் முப்பது பேர் இருந்தால் ஐந்து பேர்தான் கதைப்பினம். மிச்சம் இருபத்தைந்து பேருக்கு 'ஆர்வம் இல்லை' எண்டு சொல்லுறது சுகம். உண்மை வேறு. அந்தப் படங்களுக்குத் தமிழில் உபதலைப்பு இல்லை. பாதிப் பேர் ஆங்கில உபதலைப்பை வாசித்து முடிக்க முதல் காட்சி மாறிவிடுகிறது. விளங்காத படத்தைப் பற்றி ஆர் வாய் திறப்பினம்? இங்கிலிஷ் தெரிந்தவர்களின் கூட்டத்துக்குத் தமிழில் பெயர் வைத்துவிட்டு, அதை இளையோர் திரைப்படக் கழகம் எண்டு சொல்லக்கூடாது.

இன்னொன்று நேரம். 'ஷான் டீல்மான்' 201 நிமிசம். ஒரு பெண் மூன்று நாட்களாகச் சமைக்கிறாள், கட்டில் விரிக்கிறாள், உருளைக்கிழங்கு தோல் சீவுகிறாள். இரண்டாம் நாள் கிழங்கு அளவுக்கு மேல் அவிந்துபோகிறது. அங்கிருந்து அவளுடைய ஒழுங்கு உடையத் தொடங்குகிறது. அகெர்மான் 25 வயது ஆக முதலே எடுத்த படம். இதைப் பார்த்துவிட்டு 'லாக்' எண்டு சொல்லுற பெடியங்கள் இருக்கினம். சொல்லட்டும், அதுவும் ஒரு கருத்துத்தான். ஆனால் அதே வீட்டில் இருக்கிற தங்கச்சிக்கு அந்தப் படத்தைத் தொடர்ந்து மூன்றேகால் மணித்தியாலம் இருந்து பார்க்க முடியாது. ஏனெண்டால் அவள் குசினிக்குள்ள கிழங்கு சீவிக்கொண்டு நிற்கிறாள். வீட்டு வேலையைப் பற்றின படத்தை வீட்டு வேலையால் பார்க்க முடியாமல் போகிறவள்தான் அந்தப் படத்தைப் பற்றி முதலில் கதைக்கவேண்டியவள். அவளுக்கு ஏற்றமாதிரிக் கூட்டத்தை மாற்றாத கழகத்துக்கு அந்தப் படத்தைப் போட என்ன உரிமை?

அப்போ என்ன செய்வது? பெரிய காசு தேவைப்படாத விசயங்களைத்தான் கேட்கிறோம். படத்தை முன்மொழிகிறவர் ஏன் எண்டு பத்து வரி எழுதவேணும்; அதில் விருதின் பெயரும் பட்டியலின் இலக்கமும் வரக்கூடாது. நாலு படத்துக்கு ஒன்றாவது இந்தத் தீவில் எடுத்ததாக இருக்கவேணும், தமிழோ சிங்களமோ. சிங்களப் படத்துக்குத் தமிழ் உபதலைப்பும் தமிழ்ப் படத்துக்குச் சிங்கள உபதலைப்பும் போட நாங்களே இருக்கலாம். ஒரு ஆள் இருபது நிமிசத்தை எடுத்தால் ஐந்து பேர் ஒரு படத்தை முடிக்கலாம். பத்திராஜாவின் 'பம்பரு எவித்' மாதிரி ஒரு படத்தில் தொடங்கலாம். நீளமான படத்தை இரண்டு கிழமைக்குப் பிரித்துப் போடலாம். கதை ஒரு காட்சியில் இருந்து தொடங்கவேணும். நெறியாளரின் வாழ்க்கை வரலாற்றில் இருந்து வேண்டாம். போன முறை கதைக்காதவருக்கு இந்த முறை முதல் இடம்.

'கலைக்குத் தேசம் இல்லை, இதெல்லாம் குறுகின மனம்' எண்டு சிலர் சொல்லுவினம். நாங்கள் குரோசவாவையும் ஓசுவையும் ராயையும் விடச் சொல்லவில்லை. அவர்களைத் திரும்பவும் பார்ப்பம், இன்னும் கவனமாகப் பார்ப்பம். ஆனால் தேசம் இல்லாத கலை எண்டு சொல்லிக்கொண்டு, சில தேசங்களின் கலையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி விரிந்த மனமாகும்?

உங்கட குழுவில் அடுத்த படத்துக்கு வாக்கெடுப்பு வரும்போது, ஏன் இந்தப் படம் எண்டு கேளுங்கோ. 'அது கிளாசிக்' எண்டு பதில் வந்தால், திரும்பவும் கேளுங்கோ.