சொட்டுது பாஸ்... சொட்டுது!

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். திண்டுக்கல் நாகல் நகர்ல எங்க தெரு. ஒரு வீட்டு வாசல்ல செகண்ட் ஹேண்டுல வாங்கின 100 சி.சி. பைக் ஒண்ணு, மஞ்சள் குங்குமம், சாமந்தி மாலை சகிதமா கல்யாண மாப்பிள்ளை கணக்கா நிக்குது. 2012 மாடல். சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் ரெடி. வண்டிக்குச் சொந்தக்காரன் காலேஜ் செகண்ட் இயர் படிக்கிற தம்பி. லீவு நாள்ல பிரியாணிக் கடையில பார்சல் கட்டிச் சேர்த்த காசு பாதி, அம்மாவோட சீட்டுப் பணம் பாதி. ஞாயித்துக்கிழமை சிறுமலைக்குப் போறதா பிரெண்ட்ஸுங்ககிட்ட சொல்லியாச்சு. பதினெட்டு கொண்டை ஊசி வளைவு, பின்னாடி ஒரு ஆள்... கனவு எல்லாம் டாப் கியர்ல ஓடிட்டு இருக்கு.

அம்மா கற்பூரத் தட்டோட வாசலுக்கு வர்றாங்க. அப்பத்தான் திண்ணையில இருந்த பாட்டி மூக்கைச் சுருக்கிட்டு, "ஏய்யா, என்னமோ மண்ணெண்ணெய் வாடை அடிக்குதே?"ன்னுச்சு.

குனிஞ்சு பார்த்தேன். இன்ஜினுக்குக் கீழ சிமென்ட் தரையில உள்ளங்கை அளவு ஈரம். மேலேருந்து சொட்... சொட்... மண்ணெண்ணெய் இல்ல பாஸ், சுத்தமான பெட்ரோல்!

"அக்கா, தட்டை எடுத்துட்டு அப்படியே உள்ள போயிடுங்க. வண்டிப் பக்கம் வராதீங்க"ன்னேன். தம்பி முகத்துல ஈயாடலை. "நேத்து பார்க்கும்போது சொட்டவே இல்லண்ணே!"

சொட்டியிருக்காது. ஏன்னா விக்கிறவர் டேங்க்ல ரெண்டு சொட்டு பெட்ரோல்தான் விட்டிருந்தாரு. நம்மாளு ஆசை ஆசையா ஃபுல் டேங்க் போட்டதும் குட்டு வெளியில வந்துடுச்சு. பழைய வண்டி வாங்கின பாதிப் பேருக்கு இந்த அனுபவம் இருக்கும். இல்லாதவங்களுக்கு இனிமே வரலாம். அதனால இந்த வாரம் ஒழுகல் ஸ்பெஷல்!

முதல்ல உசுரு, அப்புறம் ஸ்பேனர்

டீசல் மாதிரி இல்ல பெட்ரோல். மைனஸ் 40 டிகிரி குளிர்லகூட அது தீப்பிடிக்கிற அளவுக்கு ஆவி விடும். நம்ம ஊர் வெயில்ல கேட்கவே வேணாம். இன்னொரு சமாச்சாரம்... அந்த ஆவி காத்தைவிட கனம். மேல பறந்து போகாது. தரையோட தரையா ஊர்ந்து போய் படிக்கட்டுக்கு அடியில, மூடின ரூமுக்குள்ள தேங்கி நிக்கும். வண்டி இங்க, அடுப்பு அங்கன்னு நாம நிம்மதியா இருப்போம். ஆவி நடுவுல நடந்து போயிட்டிருக்கும்.

அதனால வாடை வந்தா வரிசையா இதைச் செய்யுங்க. இன்ஜினை ஆஃப் பண்ணுங்க. பெட்ரோல் டேப்பை மூடுங்க. ஸ்டார்ட் பண்ணாம, தள்ளிக்கிட்டே வெட்டவெளிக்குக் கொண்டு போங்க. சூடு ஆறட்டும். ஊதுபத்தி, சிகரெட், கற்பூரம் எதுவும் பக்கத்துல வேணாம். ஒரு வாளி மணல் வச்சுக்கோங்க. தீப்பிடிச்சா தண்ணி ஊத்தாதீங்க, பெட்ரோல் தண்ணி மேல மிதந்துக்கிட்டே எரிஞ்சு பரவும். ஹாஸ்டல் ரூமுக்குள்ள வண்டியை ஏத்தி வச்சுத் தூங்குற வீரர்களே... ப்ளீஸ், வேணாம்!

கீழேருந்து மேல தேடு

மறுநாள் காலையில வண்டியைத் தள்ளிட்டே பழனி ரோட்டுல ஒரு பழைய மெக்கானிக் அண்ணன்கிட்ட போனோம். ஒரு பார்வை பார்த்தாரு. "ஏன் தம்பி, ராத்திரி டேப்பை மூடுனியா?"

"டேப்பா? அது எங்கண்ணே இருக்கு?"

"சரியாப் போச்சு! பூட்டுக்குப் பேர் போன ஊர்ல பொறந்துட்டு, பெட்ரோலைப் பூட்டத் தெரியலைங்கிறியே!"

டேங்குக்கு அடியில இடது பக்கம் இருக்கும் ஒரு சின்ன லீவர். ஆன், ஆஃப், ரிசர்வ்னு மூணு நிலை. நிறையப் பேர் வண்டி வாங்குன நாள்லேருந்து அதை ஆஃப் பக்கம் திருப்பினதே இல்ல. அண்ணன் சொன்ன முதல் பாடம் இது: "பெட்ரோல் மேலேருந்து கீழதான் வரும். நீ கீழேருந்து மேல தேடணும். கடைசியா சொட்டுற இடம் குத்தவாளி இல்ல தம்பி, அது வெறும் சாட்சி."

எப்படித் தேடுறது? ஆறின இன்ஜினை பழைய துணியால நல்லாத் துடைச்சுக் காய விடுங்க. டேப், டியூப், கார்புரேட்டர் எல்லாத்து மேலயும் முகத்துக்குப் போடுற பவுடரை லேசாத் தூவுங்க. டேப்பை ஆன் பண்ணிட்டு பக்கத்துலயே நில்லுங்க. எங்க பவுடர் முதல்ல ஈரமாகுதோ, அதுதான் பிறந்த இடம். பவுடர் இல்லாமலே ஒரு தடயம் கிடைக்கும். ரொம்ப நாளா கசியுற இடத்துல பெட்ரோல் காய்ஞ்சு பழுப்பு நிறத்துல கோடு விழுந்திருக்கும்.

அடுத்தது டேப் டெஸ்ட். ஆஃப் பண்ணிக் கொஞ்ச நேரத்துல சொட்டு நின்னுடுச்சா? வியாதி டேப்புக்குக் கீழ. ஆஃப்லயும் விடாம சொட்டுதா? டேப்புலயோ டேங்க்லயோ கோளாறு. இந்த ஒரு டெஸ்ட்லயே பாதி வேலை முடிஞ்சுடும்.

சந்தேகக் கேஸ் அஞ்சு பேர்

1. டியூப்: டேப்லேருந்து கார்புரேட்டருக்குப் போற ரப்பர் குழாய். வருஷக்கணக்கா வெயில்ல காய்ஞ்சு விறைச்சுப் போயிருக்கும். வளைச்சுப் பாருங்க, வெடிப்பு தெரிஞ்சா மாத்திடுங்க. ரெண்டு முனையிலயும் கிளிப் இருக்கணும். மீன் தொட்டிக்குப் போடுற டிரான்ஸ்பரன்ட் டியூபை மாட்டி மிச்சம் பிடிக்காதீங்க, பெட்ரோல் பட்டா அது சீக்கிரமே விறைச்சுடும். பெட்ரோலுக்குன்னே விக்கிற டியூபைக் கேட்டு வாங்குங்க.

2. டேப்: டேங்கோட சேர்ற இடத்துல ஒரு ஓரிங், லீவருக்குப் பின்னாடி ஒரு வாஷர். ரெண்டும் ரப்பர். தேய்ஞ்சா கசியும். மாத்தணும்னா டேங்கைக் காலி பண்ணணும். அதனால இதை மெக்கானிக்கிட்டயே விட்டுடலாம்.

3. கார்புரேட்டர் கிண்ணம்: கார்புரேட்டர் அடியில கிண்ணம் மாதிரி ஒரு பாகம். அது சேர்ற விளிம்புல ஈரம்னா உள்ள இருக்குற ஓரிங் போயிருக்கு. அடியில உள்ள டிரெயின் ஸ்க்ரூ லூசா இருந்தாலும் சொட்டும். பலம் போட்டு முறுக்கிடாதீங்க, அலுமினியம்... மரை போயிடும்.

4. ஓவர்ஃப்ளோ பைப்: கார்புரேட்டர்லேருந்து கீழ தொங்குற பைப் வழியா சொட்டினா, கிண்ணம் நிரம்பி வழியுதுன்னு அர்த்தம். வீட்டு மொட்டை மாடித் தண்ணித் தொட்டியில மிதக்குற பந்தும் வால்வும் இருக்குமே, அதே டெக்னிக்தான் உள்ள. பெட்ரோல் ஏற ஏற மிதவை மேல வரும், வந்து ஒரு ஊசியைத் தள்ளி வழியை அடைக்கும். ஊசி முனையில தூசி மாட்டினாலோ, முனை தேய்ஞ்சாலோ, மிதவை ஓட்டையாகி உள்ள பெட்ரோல் புகுந்தாலோ அடைக்காது. முதலுதவி: ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால கிண்ணத்துப் பக்கம் மெதுவா நாலு தட்டு தட்டுங்க. நின்னா தூசிதான். ரெண்டு நாள்ல திரும்ப வந்தா கழட்டித்தான் ஆகணும். சைடு ஸ்டாண்டு சாய்வுலகூட சில வண்டி வழியும். சென்டர் ஸ்டாண்டு போட்டு ஒரு தடவை பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

5. டேங்க்: உள்ள துருப்பிடிச்சா ஊசித் துளை விழும். எம்-சீல் வீடு வந்து சேர மட்டும்தான். காலி டேங்க்தானேன்னு பக்கத்து வெல்டிங் பட்டறையில நீட்டிடாதீங்க. நிறைஞ்ச டேங்கைவிட காலி டேங்க்தான் ஆபத்து, உள்ள முழுக்க ஆவியும் காத்தும் கலந்து வெடிக்கத் தயாரா இருக்கும். அதைக் கழுவி, ஆவியைப் போக்கி அடைக்கத் தெரிஞ்ச ஆளுங்க இருக்காங்க, அவங்ககிட்ட கொடுங்க.

மூடி பக்கம் கசியுதா? கழுத்து வரை நிரப்பி வெயில்ல நிறுத்தியிருப்பீங்க. 10 லிட்டர் பெட்ரோல் 15 டிகிரி கூடுதலா சூடானா, சுமார் 140 மில்லி விரியும். அதுக்கு இடம் விட்டு நிரப்புங்க.

இதெல்லாம் கார்புரேட்டர் வண்டிக்கு. 2020 ஏப்ரல் 1-ல் பி.எஸ்.6 விதி வந்ததுக்கு அப்புறம் வந்த பைக்குங்க பெரும்பாலும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். அதுல டேங்குக்குள்ளயே பம்பு இருக்கு, டியூப்ல பெட்ரோல் அழுத்தத்தோட நிக்கும். கழட்டினா முகத்துலயே பீய்ச்சி அடிக்கும். அங்க உங்க ஸ்பேனருக்கு வேலை இல்ல.

புது பெட்ரோல், பழைய ரப்பர்

"முந்தியெல்லாம் இவ்ளோ கேஸ் வராதே"ன்னு அண்ணன்கிட்ட ஒருத்தர் கேட்டுட்டிருந்தாரு. வயசான ரப்பர்தான் முதல் காரணம். கூடவே இன்னொண்ணும் தெரிஞ்சுக்கலாம். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-ல் விற்பனைக்கு வர ஆரம்பிச்சு, 2025-ல் நாடு முழுக்க அதுவே வழக்கமாயிடுச்சு. எத்தனால் சில பழைய வகை ரப்பரை உப்ப வச்சுடும், இளக்கிடும். ஈரத்தையும் இழுக்கும். ரொம்ப நாள் ஓட்டாம நிறுத்தின வண்டியில தண்ணி அடியில தங்கி டேங்க் துருப்பிடிக்கலாம். சில பழைய வண்டிங்கள்ல 20,000 - 30,000 கிலோமீட்டருக்கு அப்புறம் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாத்த வேண்டி வரலாம்னு 2025 ஆகஸ்டுல மத்திய பெட்ரோலிய அமைச்சகமே விளக்கம் கொடுத்துச்சு. ஆக, பழைய வண்டி வாங்கினா டியூபையும் ஓரிங்கையும் மாத்துறதை செலவுன்னு நினைக்காதீங்க, வாங்குன விலையிலயே அதுவும் சேர்த்தி.

ஆயிலை மோந்து பாரு!

தம்பியோட வண்டியில அண்ணன் கடைசியா செஞ்சது இது. ஆயில் ஸ்டிக்கை உருவித் துடைச்சு, திரும்ப விட்டு எடுத்தாரு. மேல் கோட்டைத் தாண்டி நிக்குது. மோந்து பார்த்துட்டு எங்கிட்ட நீட்டினாரு. பெட்ரோல் வாடை!

வழிஞ்ச பெட்ரோல் எல்லாம் வெளியில சொட்டணும்னு சட்டம் இல்ல பாஸ். கொஞ்சம் இன்ஜினுக்குள்ள இறங்கி, பிஸ்டன் ரிங் சந்துல புகுந்து ஆயிலோட கலந்துடும். ஆயில் தண்ணியாயிடும். அதோட ஓட்டினா உராய்வுல இன்ஜின் தேய்ஞ்சு போயிடும். வெளியில சொட்டுற பெட்ரோலுக்கு நஷ்டம் பத்து, இருபது ரூபா. உள்ள இறங்குற பெட்ரோலுக்கு நஷ்டம் இன்ஜின். ஆயில் மட்டம் தானா ஏறியிருந்தா ஸ்டார்ட் பண்ணவே பண்ணாதீங்க. ஆயிலை மாத்திட்டுத்தான் மறுவேலை.

"ஞாயித்துக்கிழமை இதைத்தான் சிறுமலைக்கு ஏத்த இருந்தியா தம்பி?"ன்னாரு அண்ணன். தம்பி பதிலே பேசலை.

கணக்கு டைரி

சிரப் பாட்டில் மூடி ஒண்ணை எடுத்து, சொட்டுற இடத்துல பத்து நிமிஷம் வச்சுப் பார்த்தோம். 5 மில்லி. ஒரு மணிக்கு 30 மில்லி. ராத்திரி 10 மணி நேரத்துக்கு 300 மில்லி. லிட்டர் நூறு ரூபான்னு வச்சாலும் ராத்திரிக்கு முப்பது ரூபா, மாசத்துக்குத் தொள்ளாயிரம்! தம்பி மூணு பார்சல் கட்டுறதுக்குள்ள ஒரு பார்சல் காசு தரையில போயிட்டிருக்கு.

உள்ள கண்டுபிடிச்சது ரெண்டு. டேங்க் துரு இறங்கி ஊசி முனையில வட்டமா பள்ளம் விழுந்திருந்துச்சு. டியூப் முனையில வெடிப்பு. புது ஊசி, ஓரிங், டியூப், நடுவுல ஒரு சின்ன ஃபில்டர், டேங்க் கழுவினது, ஆயில் எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள்ள முடிஞ்சுது. டேப்பை ஆன்ல வச்சு அரை மணி நேரம் பக்கத்துலயே நின்னு பார்த்தோம். ராத்திரி டேப்பை மூடி, அடியில பழைய அட்டை ஒண்ணைப் போட்டு வெளியில நிறுத்தினான். காலையில அட்டை சுத்தமா காய்ஞ்சு கிடந்துச்சு.

இனிமே வாங்கப் போறவங்களுக்கு ஒரே வார்த்தை. டேங்க் காலியா இருக்குற வண்டியைப் பார்த்து விலை பேசாதீங்க. ரெண்டு லிட்டர் உங்க காசுல ஊத்துங்க. டேப்பை ஆன்ல விட்டு, அங்கேயே நின்னு ஒரு டீ குடிச்சுட்டு வந்து குனிஞ்சு பாருங்க. ஆயில் ஸ்டிக்கை மோந்து பாருங்க. அலம்பி பாலிஷ் போட்டு மின்னுற வண்டின்னா ரெண்டு தடவை மோந்து பாருங்க. அந்த டீக் காசு உங்க இன்ஜினைக் காப்பாத்தும்.

சிறுமலை புரோகிராம் ஒரு வாரம் தள்ளிப் போச்சு. அடுத்த வெள்ளிக்கிழமை திரும்ப மாலை, எலுமிச்சம்பழம். தம்பி டேப்பை மூடிட்டு, குனிஞ்சு தரையைத் தடவிப் பார்த்துட்டு, "இப்ப வாம்மா"ன்னான். அவங்க வரலை. கற்பூரத்தை உள்ள சாமி படத்துக்கு முன்னாடியே காட்டிட்டு, திருநீறை மட்டும் எடுத்துட்டு வந்து ஹெட்லைட்டுல பூசினாங்க. பாட்டி மட்டும் பக்கத்துல வந்து ஒரு தடவை மோந்து பார்த்துட்டு, "ம்... இப்ப வண்டி வாடைதான்யா அடிக்குது"ன்னுச்சு.

அடுத்த வாரம்: வண்டி உங்க கையில, ஆர்.சி. புக் இன்னும் அவர் பேர்ல... என்ன பண்ணப் போறீங்க?