சீதையாக நடித்த கட்டபொம்மன்!

போன வாரம் எங்கள் பள்ளி வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவன் பழைய போட்டோ ஒன்றைப் போட்டான். ஒன்பதாம் வகுப்பு ஆண்டு விழா. கையில் சிலம்போடு கண்ணகியாக நிற்பவன் எங்கள் வகுப்புத் தோழன். பையன்கள் மட்டுமே படித்த பள்ளி என்பதால், கண்ணகியும் ஒரு பையன்தான்.

அன்று அவன் பாண்டியனிடம் நீதி கேட்டபோது அரங்கமே அமைதியானது. ஆனால், மறுநாளிலிருந்து அவன் பெயரே 'கண்ணகி' ஆகிவிட்டது. நடையைக் கிண்டலடித்தோம். குரலைக் கிண்டலடித்தோம். ஆமாம், அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். அதன்பிறகு அவன் மேடை ஏறவே இல்லை.

இப்போதும் போட்டோவுக்குக் கீழே அதே சிரிப்பு எமோஜிகள். அவன் ஒன்றும் சொல்லாமல் குரூப்பை விட்டு வெளியேறிவிட்டான்.

ஆண்கள் பெண் வேடமிடுவது நமக்கு ஒன்றும் புதிதில்லையே! பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் சிறுவர்கள்தான் பெண் வேடமும் போட்டார்கள். அதற்கு 'ஸ்திரீபார்ட்' என்று பெயர். ஔவையாராக நடித்த டி.கே.சண்முகத்துக்கு அந்த வேடமே பட்டமாகி, 'ஔவை சண்முகம்' ஆனார். 1959-ல் கட்டபொம்மனாகத் திரையில் கர்ஜித்த சிவாஜி கணேசன், நாடகக் கம்பெனிச் சிறுவனாக இருந்தபோது சீதையாக நடித்தவர். அந்த சீதையால் கட்டபொம்மனின் வீரம் துளியாவது குறைந்ததா?

தெருக்கூத்தில் பாஞ்சாலியாக வரும் ஆண் கலைஞரை, அம்மனாகவே நினைத்துக் கும்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால், விடிந்து வேடம் கலைந்ததும் அதே ஆளைச் சீண்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

எதிர்த் திசையையும் பாருங்கள். 1935-ல் வந்த படத்தில் நந்தனாராக நடித்தவர் கே.பி.சுந்தராம்பாள். இன்றும் ஒரு பெண் துணிச்சலாக ஏதாவது செய்தால், 'ஆம்பளை மாதிரி' என்று பாராட்டுகிறோம். ஒரு பையன் அழுதால், 'பொம்பளை மாதிரி அழாதே' என்று அதட்டுகிறோம். ஒன்று பாராட்டு, இன்னொன்று திட்டு. இரண்டுக்கும் அடியில் இருப்பது, பெண் என்றால் ஒரு படி கீழே என்ற நினைப்புதான். எங்கள் கண்ணகியைப் பார்த்து நாங்கள் சிரித்த சிரிப்பு, நம் வீட்டு அம்மா, அக்காக்கள் மீதும் சேர்த்து விழுந்த சிரிப்பு.

இன்னொரு குழப்பமும் நமக்கு உண்டு. வேடம் வேறு, பாலின அடையாளம் வேறு. வெளிநாடுகளில் பிரபலமான 'டிராக்' நிகழ்ச்சிகளில் வேடமிடுகிறவர்களில் வேடம் கலைந்தபின் ஆணாகவே வாழ்பவர்கள் உண்டு, திருநங்கைகளும் உண்டு. சேலையைப் பார்த்து நாமாக முடிவுகட்ட முடியாது. ஒருவர் தன்னை யாராக உணர்கிறாரோ, அதைச் சொல்லும் உரிமை அவருக்கே உண்டு என்று 2014-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. ஒருவர் யாராக இருந்தாலும் கேலி செய்யும் உரிமை நமக்கு இல்லை.

'ஸாரிடா. அன்னிக்கு நீதான் பெஸ்ட்டா நடிச்ச' என்று அவனுக்குத் தனியாக மெசேஜ் அனுப்பினேன். நீல டிக் விழுந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை. பத்து வருடம் தாமதமாகக் கேட்ட மன்னிப்புக்கு உடனே பதில் கேட்பது நியாயமில்லைதான்.

உங்கள் வீட்டுப் பையன் ஆண்டு விழாவில் பெண் வேடம் போடப் போகிறேன் என்று வந்து நின்றால், அவனுக்குப் பொட்டு வைத்துவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுங்கள். முக்கியமாக, மறுநாள் காலையிலும் அவன் பக்கம் நில்லுங்கள்!